சைலன்சரில் அழுகிய முட்டை நாற்றம்: கன்வெர்ட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கும் சேலம் வாசகர் ஒருவர், ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போதும், சிக்னலில் நிற்கும்போதும் சைலன்சரிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருவதாகவும், சில மாதங்களாக மைலேஜ் லிட்டருக்கு 16 கிலோமீட்டரிலிருந்து 12-க்கு இறங்கிவிட்டதாகவும், பட்டறையில், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வதாகவும் எழுதி, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நாற்றம் கன்வெர்ட்டருக்குள்தான் உண்டாகிறது என்றாலும், அதை உண்டாக்கும் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் வழியில் இருக்கும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பெட்ரோலில் மிகச் சிறிய அளவில் கந்தகம் உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் எரியும்வரை அந்தக் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து, நம் மூக்குக்கு எட்டாமல் வெளியேறிவிடும். ஒரு பகுதி கன்வெர்ட்டரின் உட்பூச்சில் படிந்து தங்கும். பெட்ரோல் கூடி ஆக்சிஜன் குறைந்தால், படிந்திருந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடாக வெளிவருகிறது. அழுகிய முட்டையின் நாற்றமும் இதே வாயுவால் வருவதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மலையேற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியே வேண்டுமென்று பெட்ரோலைக் கூட்டுவதால், கொண்டை ஊசி வளைவுகளில் ஓரிரு முறை நாற்றம் வந்து போவதை மட்டும் வைத்துக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். சமதளத்துச் சிக்னலிலும் வருகிறது என்பதுதான் கவலைக்குரியது. பெட்ரோல் பங்க்கின் மீது பழி போடுவதும் இப்போது அவ்வளவாகப் பொருந்தாது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) தரப் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது. அதற்கு முந்தைய பிஎஸ்-4 தரத்தில் இந்த வரம்பு 50 ஆக இருந்தது.

முதலில் பானெட்டைத் திறந்து, நாற்றம் அங்கே கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரியும் இதே நாற்றத்தைத்தான் தரும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 15-ஐத் தாண்டினாலோ, பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அருகில் தீப்பொறி எதுவும் படக்கூடாது.

பேட்டரியில் குறை இல்லையென்றால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகச் சொல்லி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையை முதலில் படியுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்று இதைத் தவிர்த்துவிடாதீர்கள். இதே புகாரோடு என்னிடம் வந்த ஒரு காருக்கு வேறொரு பட்டறையில் ஏற்கெனவே புதுக் கன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். சில வாரங்களில் நாற்றம் திரும்பிவிட்டது. வெயிலே 36 டிகிரி அடித்த பிற்பகலில், நெடுஞ்சாலையில் ஓடி வந்து நின்ற அந்த வண்டியின் ரேடியேட்டர் குழாயில் கை வைக்க முடியவில்லை; ஸ்கேனர் திரையிலோ கூலன்ட் 31 டிகிரி என்று இருந்தது. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நம்பிய கணினி, விடாமல் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டிருந்தது. கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சில நூறு ரூபாய் சென்சார் ஒன்றை மாற்றியதும் வண்டி சரியானது. உங்கள் காரில் இந்த எண் ஏறக்குறைய 80 முதல் 100-க்குள் இருக்க வேண்டும். எண் குறைவாக இருந்து, குழாயும் உண்மையிலேயே ஆறியிருந்தால், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டதாகச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது, பெட்ரோல் அளவில் கணினி தொடர்ந்து செய்துவரும் திருத்தத்தைச் சதவீதத்தில் காட்டும் லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம். இது கழித்தல் 10 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால், தேவைக்கு மேல் வரும் பெட்ரோலைக் கணினி குறைக்கப் போராடுகிறது என்று பொருள். ஸ்கேனரில் பி0172 என்ற கோளாறுக் குறியீடு இருந்தாலும் அதே பொருள்தான். ஆனால் வெப்பநிலை தவறாகப் பதிவாகும் வண்டியில் டிரிம் பூஜ்யத்திலேயே நிற்கக்கூடும் என்பதால், பூஜ்யத்தைக் கண்டு திருப்தி அடைந்துவிடக்கூடாது.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். நான்கிலும் விரலில் ஒட்டும் கரி படிந்திருந்தால் ஆக்சிஜன் சென்சார், காற்றளவு சென்சார், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் என்று எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கரியோ ஈரமோ இருந்தால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது அல்லது பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் செத்திருக்கிறது.

கோளாறு நீங்கிய அன்றே நாற்றம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். படிந்த கந்தகம் வெளியேறக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். மைலேஜ் மீண்டு, டிரிமும் இயல்புக்கு வந்து, சில வாரங்களுக்குப் பிறகும் நாற்றம் நீடித்தால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வோல்ட்டேஜ் நிதானமாக நிற்காமல் முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கினால், கன்வெர்ட்டரை மாற்றுவதில் நியாயம் உண்டு. அப்போதும், உள்ளே இருப்பதை இடித்தெடுத்து வெறுங்குழாயாக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நாற்றம் போய்விடும், ஆனால் கன்வெர்ட்டர் இத்தனை நாள் தடுத்துவந்த கார்பன் மோனாக்சைடு, மணமே இல்லாமல், பின்னால் வருபவரின் மூச்சில் கலக்கும்.