கரண்ட் போகும்போதெல்லாம் ஏறும் மெமரி

அன்புள்ள சார்,

பம்ப்செட் மோட்டாரைக் கைபேசியிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகளுக்காக ஒரு சர்வர் புரோகிராம் எழுதியிருக்கிறேன். லினக்ஸ், சி பிளஸ் பிளஸ், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை). மெமரி ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதே இல்லை. மெமரிப் பிழை தேடும் வால்கிரிண்டில் ஓட்டினால் லீக் (திருப்பித் தராமல் தொலைந்த மெமரி) இல்லை என்கிறது. இப்போதைக்கு நள்ளிரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கிறேன். மும்முனை மின்சாரம் வந்து போகிற நாட்களில் அதிகம் ஏறுகிறது. எங்கே தேடுவது?

மன்னார்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மும்முனை மின்சாரத்தைக் கவனித்தீர்களே, அங்கேதான் தேட வேண்டும். கரண்ட் போனதும் கருவியும் அணைந்துவிடுகிறது. இணைப்பை முடித்துக்கொள்வதாகச் சர்வருக்குச் சொல்ல அதற்கு அவகாசம் இல்லை. இணைப்பை நடத்தும் நெறிமுறையான டிசிபியில் மறுமுனை இப்படிச் சொல்லாமல் போனால், ரிசீவில் (செய்தி வாங்கும் அழைப்பில்) காத்துக்கிடக்கும் திரெட்டுக்கு அது தெரியவே தெரியாது. கரண்ட் வந்ததும் கருவி புது இணைப்பு போடும். புதுத் திரெட், செய்தியை வைக்கப் புது பஃபர். பழையதும் அப்படியே நிற்கும். மேட்டூர் தண்ணீர் வந்து சேருமுன் போர்வெல்லை நம்பிக் குறுவை நடும் நாட்களில் ஒரே மோட்டாருக்குச் செத்த இணைப்புகள் எத்தனை சேரும் என்று பாருங்கள்.

வால்கிரிண்ட் சொன்னதும் சரிதான். இருக்கும் இடத்தைக் காட்டும் எந்தச் சுட்டியும் (பாயிண்டரும்) இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் மெமரியைத்தான் அது தொலைந்ததாகக் கணக்கெடுக்கும். இவற்றை உங்கள் இணைப்புப் பட்டியல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் உயிரோடு இருப்பதாகக் காட்டும் இணைப்புகளை எண்ணுங்கள். மோட்டார்களைவிட அதிகம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்கும் கீப்அலைவ், சாக்கெட்டில் (இணைப்பின் நம் முனையில்) தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும். போட்டாலும் லினக்ஸில் முதல் சோதனைக்கு 7200 விநாடி காத்திருக்கும், அப்புறம் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை கேட்கும். அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவியே நிமிடத்துக்கு ஒரு சிறு செய்தி அனுப்புவதும், மூன்று நிமிடம் மௌனம் என்றால் சர்வர் இணைப்பை முடிப்பதும்தான் எனக்குப் பிடித்த வழி. அதே மோட்டார் மறுபடி உள்ளே வந்தால் பழைய இணைப்பை உடனே முடித்துவிடுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. வேறொரு திரெட்டிலிருந்து சாக்கெட்டைக் குளோஸ் மட்டும் செய்தால், ரிசீவில் தூங்கும் திரெட் லினக்ஸில் எழுந்திருக்காது. அந்தச் சாக்கெட்டை ஷட்டவுன் செய்தால்தான் எழும். எழுந்த திரெட்டே வெளியேறும்போது குளோஸ் செய்யட்டும். முடிந்த திரெட்டை ஜாயின் செய்யவோ (முடிவை வாங்கிக்கொள்ளவோ) டிடாச் செய்யவோ (தன்போக்கில் விட்டுவிடவோ) மறந்தால் அதன் ஸ்டாக் இடமும் திரும்பாது.

இவ்வளவு செய்த பிறகும் மெமரி உடனே இறங்காமல் இருக்கலாம். லினக்ஸின் சி நூலகமான ஜீலிபிசியில் மெமரி ஒதுக்கும் மால்லாக், திரெட்டுகள் மோதாமலிருக்க 64 பிட்டில் ஒரு கோருக்கு 8 அரீனா (தனித்தனி மெமரிக் கிடங்கு) வரை வைத்துக்கொள்ளும். ஃப்ரீ செய்த இடத்தையும் கையிலேயே வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும் உங்கள் சர்வரில் இது நன்றாகவே தெரியும். ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் கவலை வேண்டாம், அடுத்த அலைக்கு அதே இடம் உதவும். அதிகமாகத் தோன்றினால் அரீனா உச்சவரம்பை 2 என்று வைத்துப் பாருங்கள், அல்லது மால்லாக்குக்குப் பதிலான ஜெமால்லாக்குக்கு மாறுங்கள்.

நள்ளிரவு ரீஸ்டார்ட்டைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். இரவில் மும்முனை வரும் ஊர்களில் மோட்டார் ஓடுவதே அப்போதுதான். நிறுத்தச் சொன்ன கட்டளை அந்த இடைவெளியில் தொலைந்தால் பாவம் விவசாயிதான் எழுந்து வயலுக்கு ஓட வேண்டும்.

ஒரே திரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈபோலுக்கு மாற்றி எழுதலாமா என்று தோன்றும். எழுதலாம், ஆனால் செத்த இணைப்பு அங்கேயும் தானாக விலகாது. முதலில் இணைப்புகளை எண்ணிவிட்டு எழுதுங்கள்.