கடை பதினொரு மணி வரை, கலெக்ஷன் மட்டும் எட்டு மணி வரையா?

கேள்வி: லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பின்னேர ஷிஃப்ட் முடிய ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து நேரில் போய் எடுத்துக்கொள்ளும் 'கிளிக் அண்ட் கலெக்ட்' இருக்கிறது. கடை பதினொரு மணி வரை திறந்திருக்கிறது, கலெக்ஷனை மட்டும் எட்டு மணிக்கு மூடிவிடுகிறார்கள். நேரத்தைக் கூட்டச் சொன்னால், "அது என் கையில் இல்லை" என்கிறார் மேனேஜர். சாக்குப்போக்குத்தானே?
— வாசகி, ஹாரோ

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

கலெக்ஷன் என்பது கார் பார்க்கில் நடக்கிற தனி வியாபாரம். அதற்கென்று கூரையோ கேபினோ போட்டிருந்தால் பெரும்பாலும் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், பிளானிங் அனுமதி (கட்டுமானம், இடப் பயன்பாட்டுக்கான அனுமதி) வாங்கியிருப்பார்கள். பக்கத்தில் வீடுகள் இருந்தால் அந்த அனுமதியிலேயே "காலை இத்தனை மணி முதல் இரவு இத்தனை மணி வரை மட்டும்" என்று நிபந்தனை போடுவது வழக்கம். கடைக்கு ஒரு நேரம், கலெக்ஷனுக்கு இன்னொரு நேரம் என்று வருவது இப்படித்தான். அதை மேனேஜர் மட்டுமல்ல, தலைமை அலுவலகம்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம், 73ஆம் பிரிவின் கீழ் நிபந்தனையை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள், சிறிய விண்ணப்பங்களில் முடிவு சொல்லக் கவுன்சிலுக்கு 8 வாரம்.

உங்கள் கடைக்கு அப்படி நிபந்தனை இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். கவுன்சில் இணையதளத்தின் பிளானிங் தேடலில் கடையின் போஸ்ட்கோடைப் போடுங்கள். பழைய அனுமதிக் கடிதங்கள் வரிசையாக வரும். பெயர்ப்பலகை, ஏசி மெஷின் என்று என்னென்னவோ இருக்கும். பொறுமையாகக் கலெக்ஷனுக்குரியதைத் திறந்து நிபந்தனைகளை வாசியுங்கள். மணிக்கணக்கு எழுதியிருந்தால் மேனேஜர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது நிறுவனத்தின் சொந்த முடிவு, தாராளமாகக் கேளுங்கள்.

அங்கேயும் ஒரு கஷ்டம் உண்டு. ஊழியர்கள் கடைத் தட்டுகளிலிருந்து சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, சாதாரணச் சாமான் ஒரு பக்கம், குளிர்ந்தது ஒரு பக்கம், உறைந்தது ஒரு பக்கம் என்று நீங்கள் வரும்வரை வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் குளிரில் வைக்கவேண்டிய உணவை 8 டிகிரிக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்வது சட்டம். நேரம் நீண்டால் பெட்டிகளும் அவ்வளவு நேரம் குளிர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் நிற்க வேண்டும். அதனால் "நேரத்தைக் கூட்டுங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "செவ்வாய், வியாழன் இரவு 9 முதல் 10 வரை ஒரு ஸ்லாட்" என்று கேளுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைக் கடை நேரத்தைப் பற்றி யாரிடமும் கேட்டுப் பயனில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று காலை 10 முதல் மாலை 6க்குள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். கிளாஸ்கோவில் இருக்கும் சொந்தக்காரர் "எங்களுக்கு அப்படியொன்றும் இல்லையே" என்றால் அவர் சொல்வதும் சரி. ஸ்காட்லாந்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கேள்வி: எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு. பின்பக்கத்து சூப்பர்மார்க்கெட் கலெக்ஷன் நேரத்தை எட்டிலிருந்து பத்து மணியாக்கக் கேட்டிருக்கிறதாம். பிள்ளைகள் தூங்கும் அறை அந்தக் கார் பார்க்கைப் பார்த்தபடி இருக்கிறது. கையெழுத்து வேட்டை நடத்தலாமா?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: மேலே கேட்டவரும் நீங்களும் ஒரே தெருவில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று!

நடத்தலாம். ஆனால் ஒரே வாசகத்தில் ஐம்பது கையெழுத்தைவிட, விவரத்தோடு வரும் ஒரு கடிதத்துக்கு வலு அதிகம் என்பது என் எண்ணம். சத்தம், ஹெட்லைட் வெளிச்சம், வண்டிப் போக்குவரத்து இவற்றைக் கவுன்சில் கணக்கில் எடுக்கும். வீட்டு விலை இறங்கும், மூலைக் கடை அண்ணாவின் வியாபாரம் படுத்துவிடும் என்பதையெல்லாம் எடுக்காது. எந்த அறை, வேலியிலிருந்து எத்தனை அடி, எட்டு மணிக்கு முன்னால் இப்போது என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். டிராலி உருளும் சத்தமா, எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும் கார்களா, டிக்கியை அடித்து மூடுவதா? ஒரு வாரம் நேரத்தோடு குறித்து வைத்தால் போதும்.

"வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல் மாற்று யோசனையும் சொல்லுங்கள்: ஒன்பது மணி வரை மட்டும், அல்லது ஓராண்டுக்குச் சோதனையாக அனுமதி. தற்காலிக அனுமதி கொடுக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கொடுத்தால், அந்த ஓராண்டும் உங்கள் குறிப்பேடு நிரம்பிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் கடிதம் பெயரோடு பொதுப் பார்வைக்குப் போகலாம், கோபத்தில் எழுதாதீர்கள். அப்புறம், அனுமதி மறுக்கப்பட்டால் கடை மேல்முறையீடு செய்யலாம். கொடுக்கப்பட்டால் நீங்கள் செய்ய முடியாது. ஆகவே இந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஆர்டர் கொடுத்த அரிசி இல்லையென்று வேறு அரிசி வைத்திருந்தார்கள். காரில் ஏற்றி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஐஸ்கிரீமும் இளகிப் போயிருந்தது.
— வாசகி, குரோய்டன்

பதில்: மாற்றுச் சாமான் வேண்டாமென்றால் கலெக்ஷன் இடத்திலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம். பில்லில் மாற்றியவற்றை வழக்கமாகத் தனியாகக் காட்டியிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். இப்போதும் பிரிக்காத பையோடு கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பணம் திரும்பும். ஐஸ்கிரீம் விஷயம் கொஞ்சம் இடக்கு. உங்கள் கைக்கு வரும்வரைதான் சேதம் கடையின் பொறுப்பு. அதன்பின் உங்களுடையது. எடுத்தபோதே இளகியிருந்ததா, போகிற வழியில் இளகியதா என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த முறை அங்கேயே டப்பாவை ஓர் அமுக்கு அமுக்கிப் பாருங்கள்.