சின்னப் பிள்ளைப் பாட்டா?

கேள்வி: ஜப்பானியப் பாடகர் இச்சிரோ மிசுகியைச் சென்ற இதழில் ‘மாபெரும் பாடகர்’ என்று எழுதியிருந்தீர்கள். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் பொம்மைப் படங்களுக்குப் பாடியவரை அப்படிச் சொல்வது மிகையில்லையா? உண்மையிலேயே திறமை இருந்திருந்தால் பெரியவர்களுக்கான பாடல்களில் அல்லவா பெயர் வாங்கியிருப்பார்?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: மிகையில்லை. எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறப்போவதில்லை. பெரியவர்களுக்குப் பாடுவது மேல்படி, பிள்ளைகளுக்குப் பாடுவது கீழ்ப்படி, மேலே ஏற முடியாதவர் கீழேயே தங்கிவிட்டார் என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்குத்தான் தவறு.

உங்கள் பக்கத்து உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948-ல் டோக்கியோவில் பிறந்த மிசுகி, 1968-ல் அங்குள்ள மெல்லிசைப் பாடகர்களில் ஒருவராகத்தான் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்; அது எடுபடவில்லை. 1971-ல் ‘கென்ஷி ஷோனென் ரியூ’ என்ற அனிமே தொடரின், அதாவது நீங்கள் சொல்லும் ஜப்பானியப் பொம்மைப் படத் தொடரின், தலைப்புப் பாடல் அவரைத் தேடி வந்தது. அந்த நாளில் இத்தகைய பாடல்களின் இசைத்தட்டு உறையில் பாடகரின் முகம் இருக்காது. கதாநாயகனின் படம்தான் பெரிதாக இருக்கும், ஏனென்றால் கடையில் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை தேடுவது அதைத்தான். முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு பாட வந்த 23 வயது இளைஞர், முகம் தெரியாத அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அதுவரை நீங்கள் சொல்வது சரி. அதன் பிறகு 50 ஆண்டுகள் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை.

1972 டிசம்பரில் ‘மாஜிங்கர் இசட்’ என்ற இயந்திர மனிதத் தொடர் தொடங்கியது. மிசுகி பாடிய அதன் தலைப்புப் பாட்டை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் தலைப்புப் பாடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்குள் இயந்திர மனிதனின் பெயர் வர வேண்டும், அதன் ஆயுதங்களின் பெயர்கள் வர வேண்டும், இவை எல்லாம் அந்தக் காலத்துப் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கி வழியாக வந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் தடவையிலேயே காதில் விழ வேண்டும். பித்தளைக் கருவிகள் முழங்கிக்கொண்டிருக்கும்போது, அவற்றுக்கு மேலே ஏறி நின்று, ஒரு மெய்யெழுத்துக்கூட மழுங்காமல் பாட வேண்டும். மெல்லிசைப் பாட்டில் கமகம் போல இழைத்து, மூச்சைக் கொஞ்சம் கசியவிட்டு, சொல்லைப் பாதி விழுங்கினாலும் அதையே பாவம் என்று ரசிப்பார்கள். இங்கே சொல் தெளியவில்லை என்றால் பாட்டே இல்லை. மிசுகி ‘இசட்’ என்பதை, ஜப்பானியர் உச்சரிக்கும் ‘ஜெட்டோ’வை, அடிவயிற்றிலிருந்து எடுத்து நீட்டி முழங்குவார். பிற்காலத்தில் அவர் மேடை ஏறியதும் கூட்டத்துக்குச் சொன்ன வணக்கமே அந்த ஒற்றை எழுத்துத்தான்.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்த மிச்சியாக்கி வதனபேயும் இந்த வேலையை ஏனோதானோ என்று செய்தவர் அல்லர். முதிர்ந்த வயதில் ஜாஸ் இலக்கணத்தை ஒரு சாக்சபோன் மேதையிடம் முறையாகப் பாடம் கேட்டவர். மேற்கத்திய இசையில் ‘மைனர்’ எனப்படும் சோகச் சாயலுள்ள ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு மெட்டுக்கட்டுவதில் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது. நம் காதுக்கு அது சுத்த தன்யாசி ராகத்தின் சாயலாகக் கேட்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பாடல்கள் முதல் தடவையிலேயே அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

முழக்கம் மட்டும்தான் அவருக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 1977-ல் வந்த ‘வோல்டெஸ் ஃபைவ்’ தொடரின் முடிவுப் பாடல், தந்தையைத் தேடும் பிள்ளையின் பாடல். அதே குரல் அங்கே எவ்வளவு அடங்கி ஒலிக்கிறது என்று பாருங்கள். அதன் தலைப்புப் பாடலைப் பாடியவர், 12 வயதிலேயே பாட வந்த மித்சுகோ ஹோரியே. பிலிப்பைன்ஸில் அந்தத் தொடரை, இறுதி அத்தியாயங்கள் வரும் முன்பே, 1979-ல் அதிபர் மார்கோஸின் அரசு தடை செய்தது. தடை போய் எத்தனையோ ஆண்டுகளான பிறகும், ஜப்பானிய மொழி ஒரு சொல் தெரியாதவர்கள் அங்கே ஹோரியேவின் பாட்டை முழுவதும் பாடுகிறார்கள். 1978-ல் மிசுகி பாடிய ‘கேப்டன் ஹார்லாக்’ தொடரின் பாட்டுக்கு மெட்டமைத்த மசாக்கி ஹிராவோ, நீங்கள் மதிக்கும் அந்தப் பெரியவர்களின் பாடல்களில் வெற்றிமேல் வெற்றி கண்டவர். அவர் மிசுகியின் குரலுக்குத் தம் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1976 முதல் 1979 வரை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் மழலையர் நிகழ்ச்சியிலும் மிசுகி ‘பாட்டு அண்ணன்’ ஆக இருந்தார்.

திறமை இருந்தால் பெயர் தானாக வரும் என்ற உங்கள் நம்பிக்கைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். மசாத்தோ ஷிமோன் என்ற பாடகர் 1975-ல் ஒரு பிள்ளைகள் நிகழ்ச்சிக்காகப் பாடிய மீன் வடிவப் பலகாரத்தின் பாட்டு, 45 லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானில் மிக அதிகம் விற்ற ஒற்றைப் பாடல் தட்டு அதுதான். ஆனால் அவரோடு செய்துகொண்ட ஏற்பாடு ஒருமுறைக் கூலி என்பதால் விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. இந்தத் துறையில் பாடியவர்களின் நிலைமை அப்படி இருந்தது.

1980-களில் இன்னொரு அடி விழுந்தது. 1983-ல் பாப் பாடகி அன்ரி பாடிய ‘கேட்ஸ் ஐ’ தலைப்புப் பாடல் ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனதும், ஏற்கெனவே பெயர் பெற்ற பாப் பாடகர்களின் புதுப்பாட்டையே அனிமேயின் முகப்பில் வைக்கும் வழக்கம் வலுத்தது. கதாநாயகனின் பெயரோ ஆயுதமோ இல்லாத பாடல்கள் பெருகின. மிசுகி போன்றவர்களுக்கு வாய்ப்புச் சுருங்கியது. வேறு யாராக இருந்தாலும் இந்தத் துறையை விட்டுவிட்டிருக்கக்கூடிய காலம் இது. அவர் விடவில்லை.

1999 ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் ஃபூஜி மலையடிவாரத்தில், கவாகுச்சி ஏரிக்கரை அரங்கில், 24 மணி நேரத்தில் 1,000 பாடல்களைப் பாடினார். அப்போது அவருக்கு வயது 51. இதைச் சாதனைப் பட்டியல் செய்தியாகப் படித்துவிட்டுப் போகாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரம் என்பது 86,400 வினாடி. ஒரு பாட்டுக்கு 86 வினாடிதான் வருகிறது. ஒன்றரை நிமிடத் தொலைக்காட்சி அளவில் ஆயிரமும் பாடினால்கூட 25 மணி நேரம் ஆகும். தண்ணீர் குடிக்கவும் மூச்சு வாங்கவும் செலவான ஒவ்வொரு வினாடியும் அடுத்த பாட்டிலிருந்து எடுத்த வினாடி. விடிய விடியப் பாடி முடிக்கத் தொண்டை மட்டும் இருந்தால் போதாது; அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றும் பாடத் தகுந்தது என்று நம்பினால்தான் முடியும். கீழ்ப்படியில் தங்கிவிட்டதாக வருந்துகிற மனிதர் அதைச் செய்திருப்பாரா?

மறு ஆண்டு, 2000-ல், தம்மைவிட இளையவர்களான ஹிரோனொபு ககேயாமா, மசாக்கி எண்டோ, எய்ஸோ சகமோட்டோ, ரிக்கா மட்சுமோட்டோ ஆகியோரோடு ‘ஜாம் ப்ராஜெக்ட்’ என்ற குழுவைத் தொடங்கினார். ‘டிராகன் பால் இசட்’ பாட்டால் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த குரல் ககேயாமாவுடையது. அனிமேக்காகவே எழுதி, அனிமேக்காகவே பாடும் பாட்டு அழிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தக் குழுவின் அடிப்படை. மிசுகி பின்னாளில் தாம் ஒதுங்கி இளையவர்களை முன்னே விட்டார். ரசிகர்கள் அவரை ‘அனிகி’ என்று அழைத்தார்கள். நம் தமிழில் அப்படியே ‘அண்ணன்’.

2021-ல் குரல் நாணில் கோளாறு தெரிந்து சோதித்தபோது நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2022 ஜூலையில் அதை வெளிப்படையாக அறிவித்தார், மேடையை விட்டுப் போகப்போவதில்லை என்றும் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் வதனபே 96 வயதில் காலமாகியிருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி, ஹோரியேவும் மிசுகியும் சேர்ந்து நடத்திவந்த நிகழ்ச்சியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மிசுகி பாடினார். டிசம்பர் 6-ஆம் தேதி மறைந்தார். இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள்.