அடைக்கோழி கேள்வி பதில்: உக்கார வைக்கறதா, எழுப்பி விடறதா?

அடைக்கோழி பத்தியும் குஞ்சு பொரிக்கறது பத்தியும் வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து இங்க பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: என்கிட்ட அஞ்சு பெட்டைக்கோழி இருக்கு, சேவல் கிடையாது. அதுல ஒண்ணு ஒரு வாரமா முட்டை போடுற பெட்டிய விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது, கைய கிட்ட கொண்டு போனா சிலுப்பிக்கிட்டு கொத்த வருது. அடியில ஒரு முட்டை கூட இல்ல. உடம்பு சரியில்லையா அக்கா?

நோய் எல்லாம் இல்லம்மா, அடைக்கு வந்திருக்கு. உடம்புல புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் கூடினதும் முட்டை போடுறது நின்னு உக்கார்ற புத்தி வந்துடும், அடியில முட்டை இருக்கா வெறும் வைக்கோலான்னு எல்லாம் அது பாக்காது. வயித்துப் பக்கம் தொட்டுப் பாரு, இறகு உதிர்ந்து வெறும் தோலா சூடா இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எறங்கி, தின்னு, தண்ணி குடிச்சு, பெரிய கட்டியா நாத்தம் புடிச்ச எச்சம் ஒண்ணு போட்டுட்டு இருபது முப்பது நிமிஷத்துல திரும்ப ஓடிப் போய் உக்காந்துக்கும். சீக்குக் கோழி அப்படி இருக்காது, கூனிக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு கொத்தக்கூட தெம்பில்லாம நிக்கும்.

சேவல் இல்லாததால உன்கிட்ட இருக்கற முட்டை எதுவும் பொரிக்காது, ஆனா அது கோழிக்குத் தெரியாதே, குஞ்சு பொரிக்கற கணக்கான 21 நாள் தாண்டியும் உக்காந்துக்கிட்டே இருக்கும், இரை எடுக்கறது கொறைஞ்சு எடை எறங்கி எலும்பும் தோலுமா ஆகிடும். அதனால குஞ்சு வேணுமா வேண்டாமான்னு முதல் ரெண்டு நாள்லயே முடிவு பண்ணிடணும், பாக்கலாம் பாக்கலாம்னு விட்டா கஷ்டம் கோழிக்குத்தான்.

வேண்டாம்னா அடை தெளிய வைக்கணும். அடிப்பக்கம் கம்பி வலை இருக்கற கூண்டு ஒண்ணை தரையில இருந்து தூக்கி வெச்சு, உள்ள வைக்கோல் துணி எதுவும் போடாம, தீவனமும் தண்ணியும் மட்டும் வெச்சு கோழிய அதுல விடு. வெளிச்சமும் காத்தும் வரணும், வெயில் நேரா படக்கூடாது. வயித்துக்கு அடியில காத்து பட்டுக்கிட்டே இருந்தா அந்த சூடு எறங்கி பெரும்பாலும் மூணு நாலு நாள்ல தெளிஞ்சுடும். தொறந்து விட்டுப் பாரு, நேரா பெட்டிக்கு ஓடுச்சுன்னா இன்னும் தெளியலைன்னு அர்த்தம், திரும்ப உள்ள விடு. உங்க வீட்டுக் கோழி ஒரு வாரம் உக்காந்துடுச்சு இல்லையா, கொஞ்சம் கூட நாள் எடுக்கும். பச்சைத் தண்ணியில முக்கறது, பட்டினி போடறது ரெண்டையும் தயவுசெஞ்சு செய்யாத, ஏற்கனவே இளைச்சுப் போன உயிரு அது.

குஞ்சு வேணும்னா சேவல் இருக்கறவங்ககிட்ட இருந்து கரு கூடின முட்டை வாங்கி வைக்கலாம். இல்லைன்னா ஒரு நாள் ரெண்டு நாள் ஆன குஞ்சுகளை ராத்திரி இருட்டுல மெதுவா அடியில தள்ளி விடலாம், ஆனா அதுக்கு கோழி ரெண்டு மூணு வாரமாவது அடையில இருந்திருந்தாத்தான் நல்லா ஏத்துக்கும். மறுநாள் விடியும்போது நீ பக்கத்துல இருக்கணும், பலமா கொத்துச்சுன்னா உடனே குஞ்சை எடுத்துடு.

கேள்வி: அடை வைக்க எந்த முட்டைய எடுக்கணும், எத்தனை வைக்கணும்? பிரிட்ஜ்ல வெச்ச முட்டை பொரிக்குமா?

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா குஞ்சு வரலைன்னு வர்ற புகார்ல பாதி கோழி மேல இல்ல, உக்கார வைக்கறதுக்கு முன்னாடி முட்டைய நாம வெச்சிருந்த விதத்துல இருக்கு.

முதல்ல சேவல். எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும், சேர்ந்ததுக்கு அப்புறம் ஏறக்குறைய ரெண்டு வாரம் வரைக்கும் அந்தப் பெட்டை கரு முட்டை போடும். கடையில விக்கிற பண்ணை முட்டை சேவலே இல்லாம போட்டது, அதை எத்தனை நாள் அடை வெச்சாலும் கூமுட்டைதான்.

அடுத்தது சேர்த்து வைக்கறது. போட்டு ஏழு நாளுக்குள்ள இருக்கற முட்டையா வைங்க, பத்து நாள் தாண்டினா ஒவ்வொரு நாளும் பொரிக்கற சான்ஸ் கொறையும். 13 டிகிரியில இருந்து 18 டிகிரி வரைக்கும் இருக்கற இடம்னா ரொம்ப நல்லது. பிரிட்ஜ் உள்ள அதை விட ரொம்ப ஜில்லுனு இருக்கும், கரு தாங்காது, ஒண்ணு ரெண்டு பொரிச்சாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். அதே மாதிரி ரொம்ப சூடான அறையும் ஆகாது, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, 20, 21 டிகிரிக்கு மேல போனாலே உள்ள கரு லேசா வளர ஆரம்பிக்கும், அரைகுறை சூட்டுல அது ஒழுங்காவும் வளராம தூங்கவும் முடியாம பலவீனமாகி செத்துப் போகும், அப்புறம் நாம அடை வெச்சு ஏழு நாள் கழிச்சு பாத்தா ஒண்ணுமே இருக்காது. வீட்டுலயே குளிர்ச்சியான, வெயில் படாத மூலை எதுவோ அங்க வைங்க, வெக்கை காலம்னா ஏழு நாள் வரைக்கும் கூட சேர்க்காம நாலஞ்சு நாள் முட்டையோட வெச்சுடுங்க. கூர் முனை கீழ இருக்கணும், அகலமான பக்கம் மேல, அங்கதான் காத்தறை இருக்கு.

முட்டைய கழுவாதீங்க. மேல ஒரு மெல்லிசான படலம் இருக்கு, கிருமி உள்ள போகாம காக்கறது அதுதான், கழுவினா போயிடும். அழுக்கு அப்பின முட்டை, மயிர்க்கோடு மாதிரி கீறல் விழுந்த முட்டை, ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க. வழக்கமான முட்டை வடிவா நடுத்தர சைஸ்ல இருக்கறதை எடுங்க.

எத்தனைன்னா, கோழி இறகை விரிச்சு உக்காந்தா வெளிய ஒண்ணும் தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. நடுத்தரக் கோழிக்கு பத்து பன்னெண்டு, சின்னக் கோழிக்கு ஏழு எட்டு. கூட ரெண்டு வெச்சா கூட ரெண்டு குஞ்சு வரும்னு நினைக்காதீங்க, கோழி முட்டைய மாத்தி மாத்தி உருட்டும், ஓரத்துல நிக்கறது ஆறும், அப்புறம் அது நடுவுக்கு வந்து வேற ஒண்ணு ஓரத்துக்குப் போகும், கடைசியில எல்லாத்துக்குமே சூடு பத்தாம போயிடும்.

எல்லா முட்டையும் ஒரே நேரத்துல வைங்க, தேதிய எழுதி வைங்க. 21 நாள் அன்னிக்கு இருந்துதான் எண்ணணும்.

கேள்வி: அடையில இருக்கற கோழி பக்கத்துலயே மத்த கோழிங்களும் வந்து முட்டை போடுது. இப்ப எது பழசு எது புதுசுன்னே தெரியல.

முதல்லயே பென்சில்ல ஒவ்வொரு முட்டையிலயும் ஒரு வட்டம் போட்டிருந்தா இந்தக் குழப்பம் இல்ல (ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை உள்ள எறங்கும்). இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள நரம்பு ஓடியிருக்கறதுக்கு கோடு போட்டு வைங்க, தெளிவா வெறுமையா இருக்கறதை எடுத்துடுங்க. இனிமே தினமும் கோழி இரைக்கு எறங்கற நேரத்துல போய் கோடு இல்லாத முட்டைய எடுத்துடணும். விட்டா என்ன ஆகும்னா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள்ல பொரிக்கும், முதல் குஞ்சுங்க நடமாட ஆரம்பிச்சதும் தாய் எழுந்து போயிடும், பாதி வளர்ந்த முட்டை எல்லாம் ஆறிச் செத்துடும்.

அடுத்த தடவை முட்டை வைக்கறதுக்கு முன்னாடியே கோழிய தனியா மாத்தறதுதான் நிரந்தர வழி. இருட்டின பிறகு தூக்குங்க, பகல்ல தூக்கினா பழைய இடத்துக்கே ஓடிடும். புது இடம் அரை இருட்டா, மழையும் எலியும் பூனையும் வராத இடமா, தரை மட்டத்துலயே இருக்கட்டும், அப்பத்தான் பொரிச்ச குஞ்சு விழாது. ரெண்டு நாள் ஏதாவது பொய் முட்டை வெச்சுப் பாத்து, கோழி நிலையா உக்காந்துடுச்சுன்னு தெரிஞ்ச பிறகு நிஜ முட்டைய வைங்க.

பேன், செள்ளு இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க. அடைக்கோழி மண்ணுல புரளறது கொறைஞ்சு போறதால அதுங்க பெருகறதுக்கு இதுதான் தோதான நேரம். ரத்தம் குடிக்கற செவப்புச் செள்ளு பகல்ல மர இடுக்குல ஒளிஞ்சுக்கிட்டு ராத்திரி வந்து கடிக்கும், தாங்க முடியாம முட்டைய விட்டுட்டு எழுந்து போற கோழிகளும் உண்டு, ரத்தம் கொறைஞ்சு உக்காந்த இடத்துலயே செத்துப் போறதும் உண்டு. ராத்திரியில வெள்ளைத் துணியால பெட்டி இடுக்கைத் தொடைச்சுப் பாருங்க, செவப்பா கறை பட்டா செள்ளு இருக்கு. கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு மருந்து போட்டு, வைக்கோலை மாத்திட்டு உக்கார வைங்க.

கேள்வி: என் வெள்ளை லெகார்ன் கோழி அடைக்கே உக்காரல. அதுக்கு மருந்து ஏதாவது இருக்கா?

இல்ல. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து அந்த குணத்தையே கொறைச்ச ஜாதி அது. நாட்டுக்கோழி, அசில், சில்க்கி, கொச்சின் இதுல ஒண்ணு வெச்சுக்கிட்டா லெகார்ன் முட்டையவும் அது பொரிச்சுக் கொடுக்கும்.

கேள்வி: கூரா இருக்கற முட்டை சேவல், உருண்டையா இருக்கறது பெட்டைன்னு சொல்றாங்களே?

உண்மை இல்லீங்க. பறவைகள்ல ஆணா பெண்ணான்னு முடிவாகறது தாய்க்கிட்ட இருந்து வர்ற குரோமோசோமாலதான், ஓட்டோட வடிவத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பாதிக்குப் பாதி சேவல் வரும்னு எதிர்பார்த்தே அடை வைங்க, சேவல்களை என்ன செய்யறதுன்னும் முன்னாடியே யோசிச்சு வைங்க.

கேள்வி: வாத்து முட்டைய கோழி அடியில வைக்கலாமா?

தாராளமா வைக்கலாம், ஆனா அது பொரிக்க 28 நாள், மணிலா வாத்துன்னா 35 நாள் ஆகும், அவ்வளவு நாள் கோழிய உக்கார வைக்கறது எனக்குப் பிடிக்காது. கோழி முட்டையோட கலந்து வைக்கணும்னா சாதாரண வாத்து முட்டைய ஏழு நாள் முன்னாடியே வெச்சுடுங்க, ரெண்டும் ஒண்ணா வெளிய வரும்.

கேள்வி: பதினாறாவது நாள் காலையில பாத்தா கோழி வேற பெட்டியில உக்காந்திருக்கு, முட்டை எல்லாம் ஜில்லுனு இருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீங்க! உடனே கோழிய திரும்ப அதே முட்டை மேல விடுங்க. சில மணி நேரம் ஆறினாலும் பிழைச்சுக்கற கரு நிறைய, தொட்டா ஜில்லுனு இருக்கறதை மட்டும் வெச்சு செத்துடுச்சுன்னு சொல்ல முடியாது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இருட்டுல டார்ச் வெளிச்சத்துல பாருங்க. இந்த வயசுல முட்டையில பெரும்பகுதி கருப்பா நிறைஞ்சிருக்கும், காத்தறை மட்டும் தெளிவா இருக்கும், பாத்துக்கிட்டே இருந்தா அசைவும் தெரியும். உயிரோட இருந்தாலும் பொரிக்க ஒரு நாள் ரெண்டு நாள் லேட் ஆகலாம், அதனால 23வது நாள் வரைக்கும் பொறுங்க.

டார்ச் அடிச்சுப் பாக்கறதை ஏழாவது நாளே ஒரு தடவை செஞ்சுடறது நல்லது. நல்ல முட்டையில நடுவுல ஒரு புள்ளியும் அதுல இருந்து சிலந்திக் கால் மாதிரி செவப்பு நரம்புகளும் தெரியும். ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு கூடல. நரம்பு இல்லாம ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தா ஆரம்பத்துலயே செத்துடுச்சு. இந்த ரெண்டையும் எடுத்துடுங்க, ஏன்னா அழுகின முட்டை உள்ள வாயு சேர்ந்து வெடிச்சா மத்த முட்டை மேல எல்லாம் கிருமி தெறிக்கும். நாத்தம் அடிக்கற முட்டைய அசைக்காம அப்படியே தூக்கிட்டுப் போய் புதைச்சுடுங்க. 18வது நாளுக்கு அப்புறம் எதையும் தொடவே வேண்டாம்.

கேள்வி: காலையில முட்டையில சின்ன ஓட்டை விழுந்துச்சு, உள்ள கீச்சுகீச்சுனு சத்தம் கேக்குது, சாயங்காலம் ஆகியும் குஞ்சு வரல. மூச்சு முட்டிடுமோன்னு பயமா இருக்கு, ஓட்டை உடைச்சு விடலாமா?

உடைக்காதம்மா. பயம் புரியுது, அந்த சத்தத்தைக் கேட்டுட்டு சும்மா இருக்கறது ரொம்பக் கஷ்டம், ஆனா இந்த நேரத்துல உள்ள ரெண்டு வேலை நடக்குது. ஓட்டு உள்பக்கம் ஒட்டியிருக்கற சவ்வுல குஞ்சோட ரத்தக்குழாய் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், அந்த ரத்தம் குஞ்சுக்குள்ள திரும்பி குழாய் காயணும். மிச்சமிருக்கற மஞ்சக்கருவையும் வயித்துக்குள்ள இழுத்துக்கணும். அதுக்கு முன்னாடி நீ ஓட்டை உரிச்சா ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாம மஞ்சக்கரு வெளிய தொங்கும், அந்தக் குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது. ஓட்டை விழுந்துடுச்சு இல்ல, காத்து உள்ள போகுது, மூச்சு முட்டாது. முதல் ஓட்டையில இருந்து வெளிய வர 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் ஆகறது சகஜம்தான், நடுவுல மணிக்கணக்கா அசையாம ஓய்வும் எடுக்கும். கோழிய தூக்கித் தூக்கி பாக்காத, ஒவ்வொரு தடவையும் சூடும் ஈரமும் போயிடும், சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கிட்டா அப்புறம் அதால திரும்பவே முடியாது.

கேள்வி: இன்குபேட்டர்ல வைக்கறதுக்கு சூடு எவ்வளவு இருக்கணும்?

விசிறி இருக்கற மிஷின்னா 37.5 டிகிரி. ஈரப்பதம் முதல் 18 நாள் 45ல இருந்து 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65ல இருந்து 70. அந்த 18 நாளும் தினம் மூணு தடவையாவது முட்டைய திருப்பணும், கடைசி மூணு நாள் திருப்பவும் கூடாது, மூடிய தொறக்கவும் கூடாது. தாய்க்கோழி கிடைச்சா நான் தாய்க்கோழியத்தான் சொல்வேன், ஏன்னா பொரிச்ச பிறகு குஞ்சுங்களுக்கு 32ல இருந்து 35 டிகிரி சூடு கொடுத்து வாராவாரம் மூணு டிகிரி கொறைக்கற வேலையும் அதுவே பாத்துக்கும்.

கேள்வி: குஞ்சு பொரிச்சாச்சு, ஆனா தாய் எழுந்திருக்கவே இல்ல, குஞ்சுங்க ஒண்ணும் சாப்பிடல. எப்ப தீவனம் வைக்கணும், எத்தனை நாள் தாயோட விடணும்?

மீதி முட்டைக்காக காத்திருக்கு. இழுத்துக்கிட்ட மஞ்சக்கரு குஞ்சுக்கு ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், அதனால பசியில செத்துடும்னு பயப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல தாயே எறக்கிக் கூட்டிட்டு வரும். அப்ப தட்டையான பாத்திரத்துல தண்ணி வெச்சு கூழாங்கல்லு போட்டு வைங்க, இல்லைன்னா குஞ்சு விழுந்து நனைஞ்சு செத்துடும். குஞ்சுத் தீவனமா பொடியா இருக்கறதைப் போடுங்க, புரதம் 18ல இருந்து 20 சதவீதம் இருக்கணும், அதையே தாயும் தின்னட்டும், இளைச்ச உடம்பு தேற அது நல்லது. முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுக்குப் போடாதீங்க, அதுல இருக்கற கால்சியம் குஞ்சோட கிட்னியக் கெடுக்கும். தடுப்பு மருந்து எது, எந்த நாள்ல போடணும்னு முதல் வாரத்துலயே கால்நடை டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

தாயை நீங்க பிரிக்க வேண்டாம். அஞ்சாறு வாரத்துல குஞ்சுங்களுக்கு இறகு முளைச்சதும் தாயே கொத்தி வெரட்ட ஆரம்பிக்கும், திரும்ப முட்டையும் போடும். அப்ப தாயை மத்த கோழிங்களோட விட்டுட்டு, குஞ்சுங்க பெருசாகற வரைக்கும் அதுங்களை தனிக் கூண்டுல வைங்க, பெரிய கோழிங்க இரைக்கிட்ட வந்தா சின்னதுங்களை அண்ட விடாதுங்க.