ஜெபிக்க உட்கார்ந்தால் வீட்டு நினைப்பே வருகிறது. மனதைத் தேவன்மேல் நிறுத்துவது எப்படி?

முழங்கால் போட்டதுமே தீர்ந்துபோன கேஸ், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஆபீஸில் பாதியில் விட்ட வேலை எல்லாம் வரிசைகட்டி வருகிறது, இது விசுவாசக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் தவமிருந்த துறவிகளுக்குச் செல்போனும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. அவர்களுக்கும் ஜெபத்தில் மனம் ஓடியது. அங்கே போய்த் தங்கிய யோவான் காசியன் என்ற துறவி அந்தப் புலம்பலை எழுதிவைத்திருக்கிறார். ஈசாக்கு என்ற மூத்த துறவி அதற்குச் சொன்ன வழியையும் எழுதியிருக்கிறார்: 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பிடித்துக்கொள், எந்த வேலை செய்தாலும் அதையே சொல்லிக்கொண்டிரு. "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." அவ்வளவுதான். பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் சொல்லலாம்.

வேதாகமத்தில் பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்கிறார். அவர் கேட்டதற்கும் இவர் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஜெபம் நடந்திருக்கிறது (நெகேமியா 2:4). ராஜாவைக் காக்க வைத்துவிட்டு எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும்? ஆபீஸில் மேலதிகாரி கூப்பிட்டால் நாற்காலியிலிருந்து எழும் நேரம் நமக்கும் போதும்.

இப்படிச் சொல்வதால் தனி ஜெபம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பெரிய இடைஞ்சல் செல்போன்தான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் வாக்குத்தத்தப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். சித்தி அனுப்பியதற்கு ஆமென் போட்டுவிட்டுப் பெரியம்மா அனுப்பியதை விட முடியுமா? கால்மணி நேரம் வசனமாகவே பார்த்திருப்போம், வேதத்தை மட்டும் திறந்திருக்க மாட்டோம். அதனால் காலையில் அச்சு வேதாகமம்தான் எனக்குச் சரிப்படுகிறது. போன் அடுப்படியில் சார்ஜில் கிடக்கும்.

அப்புறம், வேதாகமத்துக்குள் ஒரு பழைய காணிக்கைக் கவரும் பென்சிலும் வைத்திருக்கிறேன். ஜெபத்தின் நடுவில் நினைவுக்கு வருவதை அதன் பின்பக்கம் கிறுக்கிவிடுவேன். கேஸ் புக் பண்ணணும். மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை. பால் கணக்கு. எழுதிவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பதற்றம் போய்விடுகிறது. அதில் பாதி ஜெபக் குறிப்பாகவும் ஆகிவிடும். மாத்திரை என்று எழுதிய கையோடு மாமாவின் சுகத்துக்காக ஜெபித்தால் அதைக் கவனச்சிதறல் என்று யார் சொல்வது? பால் கணக்குக்கு ஜெபிப்பதில்லை, அது கவரிலேயே இருக்கட்டும்.

எதுவுமே ஓடாத நாளில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாக, ஒவ்வொரு வரியிலும் நிறுத்திச் சொல்லுங்கள். எழுதிவைத்த ஜெபத்தில் உயிர் இல்லை என்பார்கள் சிலர். நான் சிஎஸ்ஐக்காரி (தென்னிந்தியத் திருச்சபை), எங்கள் ஆராதனையே எழுதிவைத்த ஜெபங்களோடுதான், அதனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்த வார்த்தை வராத நாளில் அந்த வரிகள்தான் கைகொடுக்கின்றன.

இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளைப் பிரசங்கங்களில் பிடித்து வாங்குவார்கள். சமையல்தான் அவளைக் கெடுத்தது என்பதுபோலப் பேசுவார்கள். லூக்கா 10-ஐ நீங்களே வாசித்துப் பாருங்கள். இயேசு அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். கலக்கத்தைத்தான் சொன்னார். பாரிஸில் கர்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் 17-ஆம் நூற்றாண்டில் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரர் லாரன்ஸும், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு இருக்கலாம் என்றுதான் சொல்லிவந்தார்.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு பாட்டு, நாலைந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம் போதும். எண்ணாகமத்தின் வம்ச வரலாற்றை எட்டு மணிக்கு மேல் எடுக்காதீர்கள், பெரியவர்களே தூங்கிவிடுவார்கள்.