720 ஜிகாபிட் என்கிறார் விற்பவர், நம்பலாமா?

கேள்வி: எங்கள் நெட்வொர்க்கிங் பயிற்சி மையத்துக்குப் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 6509 ஸ்விட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சூப்பர்வைசர் 720 (பெட்டியை நடத்தும் தலைமைக் கார்டு) ஒன்று, 48 போர்ட் ஜிகாபிட் கார்டுகள் நான்கு (6748 இரண்டு, 6148 இரண்டு). "பேக்பிளேன் (கார்டுகள் செருகும் பின்பலகை) 720 ஜிகாபிட், எந்தக் கார்டைப் போட்டாலும் பறக்கும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 6148 இரண்டையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

720 என்பது பொய்யில்லை. அது சூப்பர்வைசருக்குள் இருக்கும் ஃபேப்ரிக்கின், அதாவது கார்டுகளைத் தனித்தனித் தடங்களில் இணைக்கும் பகுதியின் கணக்கு. மொத்தம் 18 தடங்கள், தடத்துக்கு 20 ஜிகாபிட். போக 360, வர 360. (இரண்டையும் கூட்டிச் சொல்வது இந்தத் தொழிலின் பழைய பழக்கம்.) 6748-க்கு அதில் இரண்டு தடம், அதாவது 40 ஜிகாபிட். 48 போர்ட்டுக்குக் கொஞ்சம் இடிக்கும்தான், பயிற்சிக்குத் தாராளம்.

6148 அந்த ஃபேப்ரிக் பக்கமே போகாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பழைய பஸ், அதாவது ஒரே பொதுத் தடம்தான். 256 பிட் அகலம், 62.5 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 16 ஜிகாபிட். விளம்பரத்தில் 32 என்று இருக்கும், அதே இரட்டைக் கணக்கு! அதையும் பஸ்ஸில் இருக்கும் எல்லாக் கார்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கார்டு பாக்கெட்டைப் பஸ்ஸில் விட்டால் மற்றவை எல்லாமே அதை வாங்கி வைத்துக்கொள்ளும். சூப்பர்வைசர் முகவரி பார்த்து, யாருக்கு உரியது என்ற முடிவை வேறொரு பஸ்ஸில் சொல்லும். உரிய கார்டு அனுப்பும், மற்றவை தூக்கிப் போட்டுவிடும். போதாததற்கு, 6148-இல் எட்டு எட்டு போர்ட்டாகச் சேர்ந்து ஒரே 1 ஜிகாபிட்டைப் பகிர்கின்றன.

அதோடு நின்றால் சரி, பக்கத்து 6748-ஐயும் இழுத்துவிடும். டிஎஃப்சி என்ற துணைப் பலகை இல்லாத 6748, பாக்கெட்டின் தலைப்பைப் பஸ் வழியாகச் சூப்பர்வைசருக்கு அனுப்பித்தான் வழி கேட்கும். ஃபேப்ரிக் கார்டுகள் மட்டும் இருந்தால் நொடிக்கு 3 கோடி பாக்கெட் வரை பார்க்கலாம். ஒரேயொரு 6148 ஏறினாலும் அது 1.5 கோடி ஆகிவிடும்.

பணம் கொடுக்கும் முன் விற்பவர் இடத்திலேயே பெட்டியை ஓடவிட்டு 'ஷோ ஃபேப்ரிக் ஸ்விட்சிங்-மோட்' அடித்துப் பாருங்கள். ட்ரங்கேட்டட் (அந்த 1.5 கோடி முறை) என்று வந்தால் 6148-களைக் கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள், காம்பாக்ட் (3 கோடி முறை) என்று மாறும். கழற்றிய கையோடு டார்ச் அடித்து, உள்ளே பேக்பிளேனில் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் அந்த ஸ்லாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம், விசிறித் தட்டு அதிவேக வகைதானா என்று கேளுங்கள். பழைய தட்டு சூப்பர்வைசர் 720-க்கு ஆகாது. சத்தம் காதைப் பிளக்கும், வகுப்பறைக்குள் வைக்காதீர்கள்.

"இதே விலைக்குப் பெரிய 6513 தருகிறேன்" என்று ஆசை காட்டினால் அவசரப்பட வேண்டாம். அதில் முதல் 8 ஸ்லாட்டுக்கும் தலா ஒரு தடம்தான். 6748 வேலை செய்வது 9 முதல் 13 வரை மட்டுமே.