ஆமையின் ஈரலை எதில் எடுத்து வைப்பது?

கேள்வி: 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆமையின் ஈரலை ஃபார்மலினில் போட்டு வைத்தால், உடலில் மாசு உண்டா என்று பின்னாளில் சோதிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவளம்

பதில்: ஃபார்மலின் வேண்டாம். நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க அது ஏற்றதுதான். ஆனால் மாசுச் சோதனையில், திசுவிலுள்ள பொருள்கள் திரவத்தில் கரைந்து வெளியேறவும், திரவத்தின் அசுத்தங்கள் திசுவில் ஏறவும் கூடும் என்பதால் முடிவை நம்ப முடியாது. இங்கே பதப்படுத்தும் பொருள் குளிர் ஒன்றே.

அதற்கு முன் ஒன்று: பங்குனி ஆமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இறந்த உடலிலிருந்து துண்டு எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கத்தியும் புட்டியுமே மாசாகிவிடும் என்பதுதான் இத்தொழிலின் பெருங்கவலை. எவர்சில்வர் கத்தியில் குரோமியமும் நிக்கலும் உண்டு; ஆகவே உலோகச் சோதனைக்கு டைட்டானியம் அல்லது பீங்கான் கத்தியால் அறுத்து, அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குப்பியில் இடுவார்கள். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளைத் தேடினால், உயர் வெப்பத்தில் சுட்டெடுத்த கண்ணாடிப் புட்டி நல்லது. நான்-ஸ்டிக் பாத்திரங்களோடு தொடர்புடைய ஃபுளூரின் சேர்மங்களைத் தேடினாலோ டெஃப்லான் மூடிகூட ஆகாது. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன குப்பி வேண்டும். ஆகவே ஒரே ஈரலை மூன்றாகப் பிரிக்க நேரும். மணல் பட்ட மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு, உட்பகுதியைப் பவுடர் தடவாத கையுறையோடு எடுக்க வேண்டும். கூடவே வெறுங்குப்பி ஒன்றையும் அதே இடத்தில் திறந்து மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். காற்றும் கைகளும் சேர்த்த மாசை அது காட்டிக்கொடுக்கும்.

வீட்டு ஃபிரீசர் தானாகப் பனி நீக்கும்போது மாதிரி இளகி மீண்டும் உறையும்; எனவே மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி தேவை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் உள்ள கடல்சார் மாதிரி வங்கி, திரவ நைட்ரஜன் ஆவியில் ஏறத்தாழ மைனஸ் 150 டிகிரியில் வைக்கிறது.

இழுவை வலையில் மூச்சடைத்து இறந்த ஆமையின் மாதிரிக்குத் தனி மதிப்பு உண்டு. நோயால் பட்டினி கிடந்த ஆமையின் கொழுப்பு கரைந்து, அதில் தங்கிய நஞ்சு இரத்தத்தில் ஏறியிருக்கும். வலையில் சிக்கியது அப்படி மெலிந்திருக்காது. உப்பி அழுகிய உடலில் ஈரலை நம்பாதீர்கள். ஓட்டுச் செதில் மட்டும் பாதரசச் சோதனைக்கு உதவும்.

உங்களால் இன்றே முடிவது, ஆமையைக் கண்ட இடம், நாள், ஓட்டின் நீளம், உடலின் நிலை ஆகியவற்றைக் குறித்து, படத்தோடு வனத்துறைக்குத் தெரிவிப்பது. இந்தக் குறிப்பு இல்லாத ஈரல் துண்டு எவ்வளவு குளிரில் இருந்தாலும் ஆய்வாளருக்குப் பயன்படாது.